லாவெண்டர் ஆர்பிங்டன் வளர்ப்பு: புதிதாகத் தொடங்குவோருக்கு

லாவெண்டர் ஆர்பிங்டனைத் தேடி வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் நிறத்தில் மயங்கி வருபவர்கள். கழுத்திலிருந்து வால்நுனி வரை கோடு, புள்ளி, கரை எதுவும் இல்லாத ஒரே சீரான வெளிர் சாம்பல், அதன்மேல் லேசாக ஊதா ஓடுவதுபோல ஒரு பூச்சு. கோழியும் பெரியது, சாது. குழந்தைகள் தூக்கினாலும் சிறகடிக்காமல் மடியில் உட்கார்ந்திருக்கும்.

ஆனால் இந்தக் கோழியில் ஆக எளிதான சங்கதி நிறம்தான். லாவெண்டர் சேவலையும் லாவெண்டர் பெட்டையையும் சேர்த்தால் பொரிக்கிற குஞ்சு அத்தனையும் லாவெண்டர். அந்த நிறத்தைத் தாங்குகிற இறகும், ஆர்பிங்டன் என்று சொல்லத்தக்க உடம்பும்தான் கைக்கு எளிதில் வராதவை. அதனால் எடுத்த எடுப்பிலேயே ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். தோட்டத்தில் அழகுக்கும் வீட்டு முட்டைக்கும் என்றால் மூன்று பெட்டைகள் வாங்கினால் போதும், கீழே உள்ள இனச்சேர்க்கைப் பகுதியைத் தாண்டிப் போய்விடலாம். குஞ்சு எடுத்துப் பெருக்கும் எண்ணம் இருந்தால் லாவெண்டரோடு நல்ல கறுப்பு ஆர்பிங்டனும் உங்கள் கூட்டில் இருந்தே ஆகவேண்டும். லாவெண்டரை மட்டும் வைத்துக்கொண்டு நாலைந்து தலைமுறை ஓட்டியவர்களின் கோழிகளைப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும்: வால் பிய்ந்த துடைப்பமாக இருக்கும், உடம்பும் சிறுத்துப் போயிருக்கும்.

இனம் பற்றிக் கொஞ்சம்

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் உள்ள ஆர்பிங்டன் என்ற ஊரில் வில்லியம் குக் என்பவர் மினோர்கா, லாங்ஷான், பிளிமத் ராக் மூன்றையும் கலந்து 1886இல் வெளியிட்டது கறுப்பு ஆர்பிங்டன். வெள்ளை 1889இலும், இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கும் பஃப் என்னும் பொன்னிறம் 1894இலும் வந்தன. கோழி இனங்களின் தரத்தை வரையறுக்கும் அமெரிக்க நியமப் புத்தகம் பஃப் நிறத்தை 1902இலும், கறுப்பையும் வெள்ளையையும் 1905இலும், நீலத்தை 1923இலும் ஏற்றது. லாவெண்டர் இவற்றுக்கெல்லாம் வெகுகாலம் பிந்தியது. கறுப்பு ஆர்பிங்டனுக்குள் லாவெண்டர் மரபணுவைப் புகுத்தி, திரும்பத் திரும்பக் கறுப்போடு சேர்த்து உருவாக்கிய நிறம் இது.

பெரிய வகையில் நன்கு வளர்ந்த சேவல் 4.5 கிலோ வரையிலும், பெட்டை 3.6 கிலோ வரையிலும் வரும். பான்டம் என்னும் குள்ள வகையும் உண்டு. முட்டை வெளிர்பழுப்பு. ஆண்டுக்கு 150 முட்டை கிடைத்தால் திருப்தி அடையுங்கள். கோழிக் காட்சிப் போட்டிக்காகவே வளர்த்த வம்சங்களில் அதற்கும் குறையலாம். முட்டைதான் குறி என்றால் இந்த இனம் உங்களுக்கு வேண்டாம்.

முதல் படி: நீலமா, லாவெண்டரா?

வாங்கும் இடத்தில் நடக்கும் ஏமாற்றம் பெரும்பாலும் இங்கேதான். நீல ஆர்பிங்டனும் சாம்பல் நிறமே. இறகைக் கையில் எடுத்துப் பாருங்கள். நீலத்தில் ஒவ்வொரு இறகின் ஓரத்திலும் அடர்ந்த கரை ஓடும். சேவலுக்குக் கழுத்தும் முதுகும் உடம்பைவிடக் கறுத்திருக்கும். லாவெண்டரில் கரை இல்லை, கழுத்துக்கும் தொடைக்கும் நிறவேறுபாடு இல்லை. அமெரிக்காவில் ‘செல்ஃப் ப்ளூ’ என்று எழுதியிருந்தால் அது லாவெண்டர். வெறும் ‘ப்ளூ’ என்றிருந்தால் அது நீலம்.

இரண்டுக்கும் மரபணு வேறு, கணக்கும் வேறு. நீலமும் நீலமும் சேர்ந்தால் பாதி நீலம், கால்வாசி கறுப்பு, கால்வாசி வெள்ளையில் தெறித்த சாம்பல் என்று சிதறும். லாவெண்டர் அப்படிச் சிதறாது. தாய், தந்தை இரண்டிடமிருந்தும் ஒவ்வொரு பிரதி வந்தால்தான் அது வெளியே தெரியும். ஒரே பிரதி என்றால் கோழி முழுக் கறுப்பாகவே இருக்கும். இதற்குக் காரணமான மாற்றம் மெலனோஃபிலின் என்ற மரபணுவில் இருப்பதை 2008இல் கண்டறிந்தார்கள். நிறமித் துகள்களை இறகுக்குள் சீராகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை தடைபடுவதால் துகள்கள் அங்கங்கே திரண்டு நிற்கின்றன. இறகு வெளுத்துத் தெரிகிறது. கறுப்பு நிறமி இதனால் வெள்ளிச் சாம்பலாகும், சிவப்பு நிறமி வைக்கோல் நிறமாகும். இரண்டாவதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், குறை பார்க்கும்போது உதவும்.

இரண்டாம் படி: எதைப் பார்த்து வாங்குவது

குஞ்சையோ முட்டையையோ வாங்கும் முன் பெற்றோரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். நேரில் முடியாவிட்டால் பக்கவாட்டிலும் பின்னாலிருந்தும் எடுத்த படங்கள் போதும். முகத்தை மட்டும் எடுத்து அனுப்புகிறவரிடம் வாலைக் காட்டச் சொல்லுங்கள். அடுத்த கேள்வி: “கடைசியாக எந்தத் தலைமுறையில் கறுப்பைச் சேர்த்தீர்கள்?” இதற்குத் தெளிவாகப் பதில் சொல்பவரிடம் வாங்கலாம். “எங்களிடம் சுத்த லாவெண்டர்தான், கறுப்பே கலக்கவில்லை” என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால் நகர்ந்துவிடுங்கள்.

கோழி கையில் வந்ததும் இந்த வரிசையில் பாருங்கள். சிறகை விசிறிபோல விரித்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். நல்ல இறகில் இழைகள் ஒன்றோடொன்று கொக்கி மாட்டி, நடுவே வெளிச்சம் புகாத தகடாக இருக்கும். கெட்ட இறகில் நுனிப்பக்கம் இழைகள் தனித்தனியாகப் பிரிந்து சீப்பின் பற்கள் தெரியும். விரலால் நீவிவிட்டுப் பாருங்கள்: அழுக்காலோ ஈரத்தாலோ பிரிந்ததென்றால் நீவியதும் கூடிக்கொள்ளும், பிறவிக் கோளாறென்றால் கூடாது. வாலிலும் இதையே செய்யுங்கள். பிறகு கால். லாவெண்டருக்குக் காலும் அலகும் பலகைக்கல்லின் சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டும், உள்ளங்கால் வெளுத்திருக்க வேண்டும். ஆர்பிங்டனின் தோல் வெள்ளை என்பதால் உள்ளங்காலில் மஞ்சள் தெரிந்தால் வேற்றினக் கலப்பு. கால்விரல் நான்குதான். விரலிடுக்கில் அரிசி நீளத்துக்கு இறகுத் துளிர் இருக்கிறதா என்றும் பாருங்கள். லாங்ஷான் பாட்டன் எட்டிப் பார்க்கும் இடம் அது, காட்சியில் தகுதி இழக்க வைக்கும். கண் கறுத்து, கொண்டை ஒற்றையாக நிமிர்ந்து இருக்கட்டும்.

உடம்பு அகலமாக, குட்டையாக, தரைக்கு அருகில் இருக்க வேண்டும். கால் நீளமாக, நெஞ்சு ஒடுங்கி, கழுத்து நிமிர்ந்து நின்றால் நிறம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது ஆர்பிங்டன் இல்லை, லாவெண்டர் கோழி.

மூன்றாம் படி: கூடு

கடையில் விற்கும் சிறிய கூடுகளின் மேல் ‘ஆறு கோழிகளுக்கு’ என்று எழுதியிருப்பார்கள். அது குள்ளக் கோழிகளுக்கான கணக்கு. ஆர்பிங்டன் என்றால் இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு கோழிக்கு உள்ளே அரை சதுர மீட்டர் தரையும், வெளியே அடைப்பில் குறைந்தது இரண்டு சதுர மீட்டரும் ஒதுக்குங்கள். வாசல் 35 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம். முட்டைப்பெட்டி 40 செ.மீ. சதுரம்.

தங்கு கட்டையைத் தரையிலிருந்து 30 முதல் 45 செ.மீ.க்கு மேல் வைக்காதீர்கள். நான்கு கிலோ உடம்பு ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தினமும் காலையில் தொப்பென்று குதித்தால் உள்ளங்கால் கன்றி, நடுவில் கறுத்த பொருக்கோடு சீழ்க்கட்டி வரும். கட்டை 8 செ.மீ. அகலத்தில், மேல்முனைகள் மழுங்கியதாக இருக்கட்டும். ஒரு கோழிக்கு 30 செ.மீ. நீளம் வேண்டும். உருட்டுக் கம்பியும் மெல்லிய குச்சியும் ஆகாது, பாரமான கோழிக்கு நெஞ்செலும்பு வளைந்துபோகும்.

நரிக்கு வெல்டு மெஷ் என்னும் பற்றவைத்த கட்டக் கம்பிவலைதான் சரி. அறுகோணக் கோழிவலை கோழியை உள்ளே நிறுத்துமே தவிர நரியை வெளியே நிறுத்தாது. வலையை அடியில் வெளிப்பக்கமாக மடித்து 30 செ.மீ. தரையோடு படுக்க வைத்து மண் போட்டு மூடினால், தோண்ட வருகிற நரி வலையின் மேலேயே நின்று தோண்டிக்கொண்டிருக்கும்.

அடைப்புக்கு மேலே கூரை போடுங்கள். மழையும் சேறும் இந்த இனத்துக்கு ஆகாது. தொடையிலும் அடிவயிற்றிலும் உள்ள பஞ்சிறகு தரையைத் தொடும் உயரத்தில் இருப்பதால் சேற்றை அப்படியே ஒற்றி எடுக்கும். இங்கிலாந்தில் இன்னொரு காரணமும் உண்டு. பறவைக் காய்ச்சல் பரவும் காலத்தில் கோழிகளை உள்ளேயே அடைத்து வைக்கும்படி அரசு ஆணை வரும். கூரையும், காட்டுப் பறவை நுழையாத வலையும் ஏற்கெனவே இருந்தால் அவசரப்பட வேண்டியதில்லை.

சட்டத்தில் மூன்று விஷயங்கள்

பிரிட்டனில் வீட்டுத் தோட்டத்தில் வளர்க்கிறவர்களுக்கு மட்டும் இது. ஒரே ஒரு கோழி வைத்திருந்தாலும் பதிவு செய்வது கட்டாயம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2024 அக்டோபர் 1 முதல், ஸ்காட்லாந்தில் அதற்கு ஒரு மாதம் முன்பிருந்து. இரண்டாவது, சமையலறையைத் தாண்டிவந்த எதையும் கோழிக்குப் போடக்கூடாது. மிஞ்சிய சோறு, காய்த்தோல் எல்லாமே இதில் அடக்கம். பால், நெய் உட்பட விலங்குப் பொருள் எதுவுமே நுழையாத வீட்டுக்குத்தான் விலக்கு. ஆகவே சைவச் சமையல் வீடுதானே என்று தயிர்சாதத்தைக் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். தோட்டத்திலிருந்து நேராகப் பறித்துப் போடும் கீரைக்குத் தடையில்லை. மூன்றாவது, ஊராட்சி வாடகைக்கு விடும் அலாட்மென்ட் நிலத்தில் வளர்க்க நினைப்பவர்களுக்கு: இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1950ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே பெட்டைக்கு இடம் தருகிறது, சேவலுக்குத் தரவில்லை.

நான்காம் படி: தீவனம்

முதல் எட்டு வாரம் 18 முதல் 20 சதவீதம் புரதமுள்ள குஞ்சுத் தீவனம். அதன்பின் வளர்பருவத் தீவனம், 15 முதல் 16 சதவீதம். சாதாரணக் கோழியை 18 வாரத்தில் முட்டைத் தீவனத்துக்கு மாற்றுவார்கள். ஆர்பிங்டன் மெதுவாக வளர்வது. ஏழு, எட்டு மாதத்தில்தான் பல பெட்டைகள் முதல் முட்டை இடும். கொண்டை சிவந்து, நீங்கள் முதுகைத் தொட்டதும் கால்மடக்கிக் குந்துகிறவரை வளர்பருவத் தீவனத்திலேயே வைத்திருங்கள். முட்டைத் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து நாலு சதவீதத்தை ஒட்டி இருக்கும். முட்டையிடாத உடம்புக்கு அது சிறுநீரகத்தில் பாரம்.

வளர்ந்த பெட்டைக்கு நாளைக்கு 130 முதல் 150 கிராம் போதும். மக்காச்சோளமும் கோதுமையும் மாலையில் ஒரு கோழிக்கு ஒரு மேசைக்கரண்டி, அதற்குமேல் வேண்டாம். இந்த இனம் ஓடியாடித் திரிவதில்லை, தீவனத்தொட்டிப் பக்கத்திலேயே குடியிருக்கும், சீக்கிரம் கொழுக்கும். இறகின் பருமனால் கொழுப்பு கண்ணுக்குத் தெரியாது. மாதம் ஒருமுறை இரவில் நெஞ்செலும்பைத் தடவிப் பாருங்கள். எலும்பு விளிம்பு கைக்குத் தட்டுப்பட்டு, இரு பக்கமும் சதை உருண்டிருந்தால் சரி. எலும்பே தட்டுப்படாவிட்டால் தானியத்தை நிறுத்துங்கள். கொழுத்த பெட்டை முட்டையைக் குறைக்கும், முட்டை சிக்கியும் சாகும். கொழுத்த சேவல் பெட்டையின் மேல் ஏறவே முயலாது.

இறகு உதிர்க்கும் கோடைக்கடைசியில் புரதம் கூட்டுங்கள். இறகு முக்கால்வாசிக்கு மேல் புரதம். அந்தச் சமயத்தில் தீனி மட்டமாக இருந்தால் நல்ல வம்சத்துக் கோழிக்கும் இறகு நொறுங்கும், அதைப் பிறவிக் குறை என்று தவறாக எண்ணி நல்ல கோழியைக் கழித்துவிடுவீர்கள்.

ஐந்தாம் படி: முட்டை கருக்கூடுவதும் கூடாததும்

ஆர்பிங்டனில் கூமுட்டை அதிகம். சேவல் மேல் பழி போடுவதற்கு முன் பின்புறத்தைப் பாருங்கள். எச்சத்துவாரத்தைச் சுற்றிப் பஞ்சிறகு இவ்வளவு அடர்ந்திருந்தால் சேவலும் பெட்டையும் சேர்ந்தும் சேராத கதைதான். முட்டை எடுப்பதற்கு இரண்டு வாரம் முன்பு இருவருக்கும் துவாரத்தைச் சுற்றி மூன்று, நான்கு செ.மீ. வட்டத்துக்கு இறகைக் கத்தரியுங்கள். முனை மழுங்கிய கத்தரி, பகல் வெளிச்சம், பிடித்துக்கொள்ள இன்னொருவர். பிடுங்கக் கூடாது, பிடுங்கினால் உடனே மறுபடி முளைக்கும், வலிக்கவும் செய்யும். காட்சிக்குப் போகும் கோழியை அந்த ஆண்டு கத்தரிக்க முடியாது. ஆக, காட்சிக்கோழி வேறு, இனம் சேர்க்கும் கோழி வேறு என்று பிரித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரு சேவலுக்கு நான்கு முதல் ஆறு பெட்டை. சேவல் ஒன்பது மாதத்துக்குக் குறைவாக இருந்தால் பொறுங்கள். முட்டை கூடியிருக்கிறதா என்று அறிய ஒன்றிரண்டை உடைத்துத் தட்டில் ஊற்றிப் பாருங்கள். மஞ்சள்கருவின் மேல் சின்ன வெள்ளைப்பொட்டு ஒழுங்கற்ற முழுப்புள்ளியாக இருந்தால் கூடவில்லை. அதுவே நான்கு மி.மீ. அளவில், வளையமும் நடுப்புள்ளியுமாக இருந்தால் கூடியது. ஐந்துக்கு நாலு அப்படி இருந்தால் அடை வைக்கலாம்.

ஆறாம் படி: அடை

அடைக்கு உட்காருவதில் ஆர்பிங்டனுக்கு அலாதிப் பிரியம். பத்து, பன்னிரண்டு முட்டையைத் தாராளமாக மூடும், நல்ல தாயுமாகும். குறை ஒன்றுதான்: பாரம். ஓடு மெலிந்த முட்டையை நசுக்கும், பொரித்த நேரத்தில் குஞ்சை மிதிக்கும். அடைப்பெட்டி தரையோடு இருக்கட்டும். தாவி இறங்கி ஏறும்படி வைத்தால் முட்டை உடையும். அடை வேண்டாத சமயத்தில் உட்கார்ந்துவிட்டால், அடியில் கம்பிவலை போட்டுக் காற்று புகும் கூண்டில் மூன்று, நான்கு நாள் விட்டால் சூடு தணிந்து எழுந்துவிடும். தீவனமும் தண்ணீரும் கூண்டுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

இன்குபேட்டர் என்றால், விசிறி உள்ளதில் 37.5 டிகிரி. விசிறி இல்லாததில் முட்டையின் மேல்மட்டத்தில் அளந்து 38.3 முதல் 38.5. முதல் 18 நாள் ஈரப்பதம் 45 முதல் 50 சதவீதம், கடைசி மூன்று நாள் 65 முதல் 70. முட்டையை ஏழு நாளுக்கு மேல் சேர்த்து வைக்காதீர்கள். தபாலில் வந்த முட்டையைக் கூர்முனை கீழாக 24 மணிநேரம் அசையாமல் வைத்துவிட்டு ஏற்றுங்கள். உள்ளிருக்கும் காற்றுப்பை பயணத்தில் ஆடிப்போயிருக்கும். தானியங்கித் திருப்பி இல்லையென்றால் நாளைக்கு மூன்று அல்லது ஐந்து முறை திருப்புங்கள். ஒற்றைப்படை எதற்கென்றால், நீண்ட இரவில் ஒரே பக்கம் தினமும் மேலாகக் கிடக்கக் கூடாது. ஏழாம் நாள் விளக்கில் பார்த்துக் கூமுட்டையை எடுத்துவிடுங்கள்.

ஈரப்பத மானியை நம்புவதைவிட அடுக்களைத் தராசை நம்பலாம். ஏற்றும் நாளில் ஒவ்வொரு முட்டையின் எடையையும் ஓட்டின் மேல் பென்சிலால் எழுதுங்கள். 18ஆம் நாளில் 11 முதல் 13 சதவீதம் குறைந்திருக்க வேண்டும். 60 கிராம் முட்டை என்றால் ஏறக்குறைய 53க்கு வந்திருக்கும். 56லேயே நின்றால் ஈரம் அதிகம். குஞ்சு நீர்கோத்து, ஓட்டுக்குள்ளேயே மூச்சுமுட்டும். 50க்குப் போய்விட்டால் ஈரம் போதவில்லை. உள்ஜவ்வு காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். ஏழாம் நாளிலேயே எடை பார்த்துத் தண்ணீரைக் கூட்டியோ குறைத்தோ சரிக்கட்டுங்கள். 18ஆம் நாளுக்குப் பின் திருப்புவதை நிறுத்திவிட்டு மூடியைத் திறக்காமல் இருங்கள். ஓடு கீறிய குஞ்சு வெளியே வர ஒரு நாள் முழுக்க எடுத்துக்கொள்ளலாம். அவசரப்பட்டு உரித்துவிட்டால் மஞ்சள்கருவை இன்னும் உள்ளிழுத்து முடிக்காத குஞ்சு ரத்தம் கசிந்து இறக்கும்.

ஏழாம் படி: குஞ்சு

குஞ்சுகளுக்கு வெப்ப விளக்கின் கீழே முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே 21க்கு வாருங்கள். விளக்கின் கீழே ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தால் குளிர்கிறது, ஓரத்தில் சிறகு விரித்து வாய்திறந்து நின்றால் சுடுகிறது. தரையில் செய்தித்தாள் மட்டும் விரிக்காதீர்கள். பாரமான இனக் குஞ்சுக்கு வழுக்கிக் கால் அகன்று அப்படியே நின்றுவிடும். சொரசொரப்பான துணியோ ரப்பர் விரிப்போ முதல் நாலு நாளைக்கு, பிறகு மரச்சீவல்.

லாவெண்டர் குஞ்சின் பஞ்சுமயிர் வெளிர் வெள்ளிச் சாம்பல், வயிற்றுப் பக்கம் கொஞ்சம் மஞ்சள். கறுப்புக் குஞ்சுக்கு வயிறும் சிறகுநுனியும் வெள்ளையாக இருப்பதைப் பார்த்துக் கலப்பு என்று பதற வேண்டாம், முதல் இறகுகளோடு அது போய்விடும். நிறத்தை வைத்து ஆண், பெண் பிரிக்க முடியாது. ஐந்தாறு வாரத்தில் கொண்டை சிவக்கத் தொடங்குபவை சேவல் என்று கணிக்கலாம், அதிலும் ஒன்றிரண்டு ஏமாற்றும்.

மூன்றாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரம் வரை எச்சத்தைக் கவனியுங்கள். ரத்தம் தெரிந்தாலோ குஞ்சு உடம்பைக் குறுக்கிக்கொண்டு கண்மூடி நின்றாலோ காக்சிடியோசிஸ் என்னும் குடல் ஒட்டுண்ணி நோய். ஈரமான படுக்கையில்தான் அது பெருகும். நாள் தள்ளாமல் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

எட்டாம் படி: இனச்சேர்க்கை

கணக்கு சுலபம். லாவெண்டரும் சுத்தக் கறுப்பும் சேர்ந்தால் பொரிப்பது எல்லாம் கறுப்பு, ஆனால் ஒவ்வொன்றும் லாவெண்டரை உள்ளே சுமக்கும். இவற்றை ‘ஸ்ப்ளிட்’ என்பார்கள். ஸ்ப்ளிட்டை லாவெண்டரோடு சேர்த்தால் பாதி லாவெண்டர், பாதி ஸ்ப்ளிட். ஸ்ப்ளிட்டை ஸ்ப்ளிட்டோடு சேர்த்தால் கால்வாசி லாவெண்டர், மீதி எல்லாம் கறுப்பு. அந்தக் கறுப்பில் எது சுமக்கிறது, எது சுமக்கவில்லை என்று பார்வையால் பிரிக்கவே முடியாது. அதனால்தான் புதியவர்களுக்கு ஸ்ப்ளிட்டை லாவெண்டரோடு சேர்க்கும் வழி. 40 முட்டையில் 28 பொரித்தால் ஸ்ப்ளிட்–லாவெண்டர் சேர்க்கையில் 14 லாவெண்டர், அதில் ஏழு பெட்டை. ஸ்ப்ளிட்–ஸ்ப்ளிட் சேர்க்கையில் ஏழு லாவெண்டர், பெட்டை மூன்றோ நாலோ. ஏழிலிருந்து தேர்ந்தெடுப்பதும் மூன்றிலிருந்து தேர்ந்தெடுப்பதும் ஒன்றல்ல.

முதல் ஆண்டு, உங்களிடம் உள்ளதில் இறகு சிறந்த லாவெண்டர் சேவலை மூன்று, நான்கு கறுப்புப் பெட்டைகளோடு விடுங்கள். கறுப்பை நிறத்துக்காகத் தேர்ந்தெடுக்க வேண்டாம். உடம்பு அகலம், இறகின் இறுக்கம், பச்சைப் பளபளப்பு இவற்றுக்காகத் தேர்ந்தெடுங்கள். இரண்டாம் ஆண்டு, ஸ்ப்ளிட் பெட்டைகளில் ஆகப் பெரியவற்றை உறவில்லாத வேறொரு லாவெண்டர் சேவலோடு சேருங்கள். மூன்றாம் ஆண்டு லாவெண்டரோடு லாவெண்டர் சேர்க்கலாம். அதன்பின் மறுபடி கறுப்பு. குஞ்சுகளுக்கு நிற வளையம் போட்டு நோட்டில் எழுதிவையுங்கள். வளர்கிற காலில் வளையம் இறுகி அறுக்கும் என்பதால் வாரம் ஒருமுறை தளர்வு பார்த்து மாற்றுங்கள்.

நீலத்தைச் சேர்க்காதீர்கள். இரண்டு வெளுப்பு மரபணுவும் ஒரே உடம்பில் சேர்ந்தால் எது எது என்று பிரிக்கவே பல தலைமுறை ஆகும். பஃப் வேண்டவே வேண்டாம். அதன் சிவப்பு நிறமி லாவெண்டரில் வைக்கோல் மஞ்சளாகக் கழுத்திலும் முதுகிலும் கசியும்.

மஞ்சள் கசிவு எல்லாமே ரத்தத்தில் இருப்பதில்லை, வெயிலும் மஞ்சளாக்கும். கழுத்திறகை விலக்கிப் பாருங்கள். மேலே வெயில் படும் நுனி மட்டும் மஞ்சளித்து, மறைந்த பகுதி வெள்ளியாக இருந்தால் வெயில். அடுத்த இறகு உதிர்ப்பில் சரியாகிவிடும், நிழல் கூட்டுங்கள். மறைந்த பகுதியிலும் மஞ்சள் ஓடினால் அது வம்சம். அந்தச் சேவலை இனத்துக்கு வைக்காதீர்கள்.

வால் பிய்வது ஏன்?

லாவெண்டர் ஆர்பிங்டனின் பெரிய தலைவலி இது. இறகுகள் தாமதமாக வரும். வந்தவையும், குறிப்பாக வாலிலும் சிறகிலும், இழை பிரிந்து கிழிந்து நிற்கும். மற்ற நிறத்து ஆர்பிங்டனில் இது இவ்வளவு இல்லை. லாவெண்டர் மரபணுவுக்குப் பக்கத்திலேயே இறகைக் கெடுக்கும் வேறொன்று ஒட்டிக்கொண்டு, இரண்டும் சேர்ந்தே பயணிக்கின்றன என்பது வளர்ப்பாளர்களின் கணிப்பு. லாவெண்டரை லாவெண்டரோடு மட்டும் சேர்த்துக்கொண்டே போனால் இந்த ஜோடி பிரிய வாய்ப்பே இல்லை, இருபக்கமும் ஒரே சரக்குதான். கறுப்பிலிருந்து நல்ல பிரதி வந்தால்தான் அடுத்த தலைமுறையில் எங்காவது ஒரு குஞ்சில் ஒட்டு விட்டுப் போகும். லாவெண்டர் நிறமும் முழு இறகும் சேர்ந்த அந்தக் குஞ்சுதான் நீங்கள் தேடுவது. அது அபூர்வமாகத்தான் கிடைக்கும். வந்தால் கொண்டை வளைந்திருக்கிறது, கண் வெளிர்ந்திருக்கிறது என்றெல்லாம் சொல்லி விற்றுவிடாதீர்கள். கொண்டையைப் பிறகு திருத்திக்கொள்ளலாம்.

எட்டாம் வாரத்தில் ஒருமுறை, ஐந்தாம் மாதத்தில் ஒருமுறை எல்லாக் குஞ்சுகளின் வாலையும் சிறகையும் விரித்துப் பார்த்து மதிப்பெண் போடுங்கள். எட்டு வாரத்தில் முதுகு மொட்டையாக இருக்கும் குஞ்சைப் பெரும்பாலும் அப்போதே கழிக்கலாம். சந்தேகமானவற்றுக்கு ஐந்தாம் மாதம் வரை தவணை கொடுங்கள்.

பூச்சி

பஞ்சிறகு அடர்ந்த இனம் பேனுக்கும் செள்ளுக்கும் மாளிகை. வாரம் ஒருமுறை எச்சத்துவாரத்தைச் சுற்றி இறகைப் பிரித்துப் பாருங்கள். இறகுத்தண்டின் அடியில் சர்க்கரை ஒட்டியதுபோல் வெள்ளைத் திரள் இருந்தால் பேன்முட்டை. தோல் அழுக்கேறியதுபோல் கறுத்து, கையில் ஊறினால் செள். சிவப்புச்செள் கோழியின்மேல் பகலில் இருக்காது. இரவில் டார்ச்சோடு போய்த் தங்கு கட்டையின் இரு முனையும் சட்டத்தில் உட்காரும் இடுக்கில் வெள்ளைத்தாளைத் தேய்த்துப் பாருங்கள், ரத்தக்கோடு விழும். கட்டைகளைக் கழற்றக்கூடியதாகப் பொருத்தியிருந்தால் கழுவுவது பாதி வேலை. மணலும் மரச்சாம்பலும் கலந்து நனையாத இடத்தில் மண்குளியல் தொட்டி ஒன்று எப்போதும் இருக்கட்டும்.

வெயில் ஊர்களில்

இது குளிர்தேசத்துக் கோழி. தமிழ்நாட்டிலும் அலங்காரக் கோழி வளர்ப்பவர்கள் ஆர்பிங்டனை விரும்பிக் கேட்கிறார்கள் என்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது: 30 டிகிரியைத் தாண்டினால் வாய்திறந்து இளைக்கத் தொடங்கும், சித்திரை வெயிலில் நண்பகலில் தீனியும் கையுமாக நின்றால் சாகும். தீவனத்தை விடியலிலும் பொழுதுசாய்ந்தும் மட்டும் வையுங்கள். செரிமானமே உடம்பில் சூடு கிளப்பும். தண்ணீர்ப் பாத்திரம் நிழலில், இரண்டு, மூன்று இடத்தில். மர நிழலில் மண்ணை நனைத்துவிட்டால் அதில் போய்ப் படுக்கும். உடம்பின்மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், பஞ்சிறகு தோலோடு ஒட்டி உள்வெக்கையை அடைத்துக்கொள்ளும். காலை மட்டும் குளிர்ந்த தண்ணீரில் நிறுத்துங்கள். கோடையில் அடை வைப்பதும் இனம் சேர்ப்பதும் வேண்டாம்.

மிஞ்சும் சேவல்கள்

பொரித்ததில் பாதி சேவல். பத்து சேவலில் இனத்துக்கு ஒன்று மிஞ்சினால் அதிர்ஷ்டம். மற்றவற்றை யாராவது வாங்கிக்கொள்வார்கள் என்று எண்ணித் தொடங்காதீர்கள், யாரும் வாங்க மாட்டார்கள். குக் இந்த இனத்தை உருவாக்கியதே முட்டைக்கும் கறிக்கும் சேர்த்துத்தான். வெள்ளைத்தோல் கறியை ஆங்கிலேயர் விரும்பினார்கள். ஐந்தாம் மாத வால் பரிசோதனையில் கழித்தவற்றைத் தனியே பிரித்து, ஆறாம் மாதத்துக்குள் கறிக்கு அனுப்பிவிடுங்கள். அதற்கு மேல் வைத்திருந்தால் தீவனச் செலவு ஏறும், கறி முறுகும், ஒன்றோடொன்று சண்டையிட்டு வைத்துக்கொள்ளப் போகிற சேவலின் வாலையும் சேர்த்துக் கெடுக்கும். இதைச் செய்ய மனம் வராதென்றால் குஞ்சு எடுக்காமல், பெட்டைகளாகப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.